நூற்றைம்பது கிராம் கோல்

"ஏன் இடது பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாய்? காலில் ஏதாவது குத்திவிட்டதா?" என்று பின்னால் வந்த நண்பன் கேட்டான். காலில் ஒன்றும் இல்லை. இடது கையிலிருந்த மலையேற்றக் கோல், வலது கோலைவிட நான்கு விரற்கடை குட்டையாகியிருந்தது. இறக்கத்தில் ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நானும் அதற்கேற்றபடி தோளைத் தாழ்த்திக்கொண்டே நடந்திருக்கிறேன்.

அது மூன்று துண்டுகள் கொண்ட அலுமினியக் கோல், ஒவ்வொன்றும் 268 கிராம். குழாயைத் திருகினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கட்டை விரிந்து இறுகும் வகை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். குழாயின் உட்சுவரில் மாவு பூத்ததுபோல வெள்ளைப் பொடி. மழையில் நனைந்த கோலைக் காயவைக்காமல் மூடிவைத்ததன் பலன் அது: அலுமினிய ஆக்ஸைடு. விரியும் கட்டையும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தக் கட்டையை மட்டும் மாற்றியிருந்தால் போதும். ஆனால் கையில் உப்புத்தாளும் மனத்தில் ஆசையும் இருக்கும்போது யார் கட்டையை மாற்றுகிறார்கள்? இலேசாக, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி, நானே ஒரு ஜோடி செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நீளம். வெறும் காலில் நிற்காமல், மலைக்குப் போடும் காலணியோடு நின்று, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கைக்கும் தரைக்கும் இடையே அளந்தேன். எனக்கு 117 செ.மீ. வந்தது. உயரத்தை 0.68 ஆல் பெருக்கினாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைக்க வேண்டும், இறக்கத்தில் அதே அளவு கூட்ட வேண்டும் என்பது வழக்கம். ஆகவே 105 முதல் 125 வரை நீள்கிற கோல் எனக்குப் போதும்.

இந்த 20 செ.மீ. வித்தியாசத்துக்கு இரண்டு துண்டுகளும், அவை நகராமல் பிடிக்கும் ஒரு பூட்டும் போதும். மூன்று துண்டுகள் என்றால் இரண்டு பூட்டுகள், இரண்டு இணைப்புகள், இரண்டு மடங்கு தலைவலி. இரண்டு துண்டுக் கோலை எவ்வளவு சுருக்கினாலும் 82 செ.மீ.க்குக் கீழே போகாது. பைக்குள் அடங்காது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் காலையில் கோலைக் கையில் எடுத்தால் மாலையில்தான் வைப்பவன், அதனால் இது எனக்குக் குறையில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் பைக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு மூன்று துண்டுதான் சரி.

பூட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. திருகுப் பூட்டு வேண்டாம். வெளியே தெரிகிற லிவர் பூட்டு. அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும், கையுறை போட்ட கையாலும் திறக்கலாம், தளர்ந்தால் ஒரு திருகாணியைத் திருப்பினால் முடிந்தது. மேலே 16 மி.மீ., கீழே 14 மி.மீ. குழாய்க்கான பூட்டு ஒரு ஜோடி உதிரியாகக் கிடைத்தது. மற்ற எல்லா அளவுகளையும் அந்தப் பூட்டுதான் தீர்மானித்தது. குழாயை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற பூட்டைத் தேடுகிறவர்கள் சட்டைப் பொத்தானுக்குத் துளை தேடுகிறவர்கள் மாதிரிதான். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைத் தேடுங்கள்.

மேல்குழாய்: வெளிவிட்டம் 16, சுவர்த் தடிப்பு 0.8, ஆகவே உள்விட்டம் 14.4 மி.மீ. கீழ்க்குழாய்: வெளியே 14, உள்ளே 12. இரண்டுக்கும் நடுவே பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி. இரண்டும் கார்பன் ஃபைபர், அதாவது பிசினில் இறுகிய கார்பன் இழை. கடையில் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் வெர்னியர் காலிப்பரோடு உட்கார்ந்து ஒவ்வொரு குழாயையும் மூன்று இடங்களில் அளந்தேன். கார்பன் குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் சரியாக இருக்கும். வெளிவிட்டம்தான் மெருகேற்றும்போது கொஞ்சம் முன்பின் ஆகும்.

கீழ்க்குழாயை 12 மி.மீ. ஆக்கினால் இன்னும் இலேசாகுமே என்று ஒரு சபலம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 61 செ.மீ. நீளத்துக்கு 14 மி.மீ. குழாய் 38 கிராம். அதே சுவர்த் தடிப்புள்ள 12 மி.மீ. குழாய் 32 கிராம் சொச்சம். மிச்சம் 6 கிராம் போல. ஆனால் கோல் முறிவது பெரும்பாலும் நசுங்கி அல்ல, வில்லாக வளைந்து. இப்படி வளையும் சுமையை ஆய்லர் சூத்திரத்தால் கணக்கிடலாம். 120 செ.மீ. நீளம், குழாய்ப் பொருளின் விறைப்பு 80 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், 14 மி.மீ. குழாய் 48 கிலோ வரை தாங்கும்; 12 மி.மீ. குழாய் 29 கிலோவிலேயே வளைந்துவிடும். ஆறு கிராமுக்காக நாற்பது சதவீத வலுவை விடுவதா? வட்டி அதிகம். மேலே இருக்கும் 16 மி.மீ. குழாய் தனியாகவே 62 கிலோ தாங்கும் என்பதால், சேர்ந்த கோலின் வலு 48க்கும் 62க்கும் இடையே எங்கோ இருக்கும்.

அறுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கார்பன் தூள் மூக்குக்குள்ளும் தோலுக்குள்ளும் போகும், அரிக்கும். மின்சாரத்தையும் கடத்தும், ஆகவே கணினிக்குப் பக்கத்தில் அறுக்காதீர்கள். முகக்கவசம், கையுறை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். குழாயின் மேல் ஒரு தாளை இறுக்கிச் சுற்றி, அதன் ஓரத்தோடு கோடு போட்டேன். கோடு வட்டமாக நேராக விழும். அதன்மேல் காகித டேப் இரண்டு சுற்று. அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடால், நனைத்துக்கொண்டே, ஒரே பக்கமாக அறுக்காமல் குழாயைச் சுழற்றிச் சுழற்றி அறுத்தேன். உலோகக் குழாயை வெட்டும் சக்கர வெட்டியைக் கனவிலும் நினைக்க வேண்டாம். அது அழுத்தி வெட்டும், கார்பன் நொறுங்கும். அறுத்த முனையை ஈர உப்புத்தாளில் தேய்த்து, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு விளிம்பைச் சுற்றித் தடவினேன். தளர்ந்த இழைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மேல்குழாய் 70 செ.மீ., கீழ்க்குழாய் 61.

இனி நான் செய்த பெரிய தவறு.

கார்பன் குழாய் என்பது ஒரே பொருள் இல்லை. ஒரு வகை, இழைகளைப் பிசினில் நனைத்து அச்சு வழியாக இழுத்துச் செய்வது. எல்லா இழையும் நீளவாக்கில் ஓடும். விலை குறைவு, நீளவாக்கில் விறைப்பு மிக அதிகம். இன்னொரு வகை, பிசின் ஊறிய கார்பன் துணியை உருளையில் பாய்போலச் சுருட்டிச் சூட்டில் இறுக்குவது. இதில் சில அடுக்குகளின் இழை குறுக்கேயும் ஓடும். நான் மேலே சுருட்டிய குழாயும், கீழே மிச்சம் பிடிப்பதற்காக இழுத்துச் செய்த குழாயும் எடுத்தேன். வளைவதற்கு எதிரான விறைப்பு இதில்தானே அதிகம் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பூட்டின் மேல் பாதி மேல்குழாயின் வாயில் தொப்பிபோல ஏறிப் பசையால் ஒட்டிக்கொள்ளும். கீழ்ப் பாதிதான் லிவரை மூடும்போது சுருங்கி, கீழ்க்குழாயைக் கவ்வும். ஒட்டிக் காய்ந்த மறுநாள், உடல் எடை பார்க்கும் கருவியின்மேல் ஒரு பலகைத் துண்டு வைத்து, அதில் கோலின் நுனியை ஊன்றினேன். பூட்டின் விளிம்போடு சேர்த்துக் கீழ்க்குழாயில் பென்சிலால் ஒரு வளையம் வரைந்துகொண்டேன். கைப்பிடியில் இரு கையும் வைத்து அழுத்த, முள் ஏறியது. 20, 25, 30. முப்பத்தைந்தில் பென்சில் கோடு மெல்ல மறைந்தது. கோல் உள்ளே இறங்குகிறது.

திருகாணியைக் கால் சுற்று இறுக்கினேன். மறுபடி 35இல் இறங்கியது. இன்னும் கால் சுற்று. லிவரை மூடக் கட்டைவிரல் வலித்தது. இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கி, உள்ளங்கையால் தட்டி லிவரை மூடியபோது, அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சின்னச் சத்தம்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் பஞ்சை எடுத்துக் குழாயின்மேல் நீளவாக்கில் இழுத்துப் பார்த்தேன்; பூட்டு கவ்விய இடத்தில் பஞ்சு மாட்டியது. நகத்தால் தடவினால் முடி அளவு ஒரு பிளவு, ஏறக்குறைய ஒன்பது செ.மீ. நீளத்துக்கு ஓடியிருந்தது. நாணயத்தால் தட்டினால் மற்ற இடங்களில் 'டிங்' என்கிற குழாய், அங்கே மட்டும் ஓட்டைப் பானைபோல 'டொக்' என்றது. மூங்கிலைப் பிளப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: எல்லா நாரும் ஒரே பக்கம் ஓடினால், குறுக்கே பிடித்து நசுக்கும்போது அது நீளவாக்கில் விட்டுக்கொடுக்கும். பூட்டு செய்வது முழுக்கக் குறுக்கு நசுக்கல்தான். வளைவதைப் பற்றி அவ்வளவு கணக்குப் போட்டவன், கவ்வப்படுவதைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

கீழ்க்குழாய்களைச் சுருட்டிய வகையில் மறுபடி வாங்கினேன். இந்த முறை திருகாணியைத் தொடுவதற்கு முன் குழாயைப் பார்த்தேன். பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தது. பூட்டு வழுக்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பளபளப்புதான். 400 எண் உப்புத்தாளை ஈரமாக வைத்து, பளபளப்பு போய் மங்கும் வரை மட்டும் தேய்த்தேன். கறுப்புத் தூள் வர ஆரம்பித்தால் இழையை அறுக்கிறோம் என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பூட்டின் உள்வாயையும் துடைத்தேன். கட்டைவிரலால் அழுத்தி மூடக்கூடிய இறுக்கத்திலேயே கோல் 40 கிலோ தாங்கியது. பென்சில் கோடு அசையவில்லை. இந்த இடத்தில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளி பட்டாலும் எல்லாம் வீண்.

0.2 மி.மீ. இடைவெளியால் கீழ்க்குழாய் உள்ளே கடகடவென்று ஆடியது. அதன் மேல்முனையில், 0.06 மி.மீ. தடிப்புள்ள பாலிஇமைடு டேப்பை இரண்டு விரல் அகலத்துக்கு மூன்று சுற்று சுற்றினேன். பக்கத்துக்கு 0.18 மி.மீ. நிரம்பியது. ஆட்டம் நின்றது, நகர்வதும் தடைப்படவில்லை. குழாயின் மேல்வாயை ஒரு தக்கைத் துண்டால் அடைத்துவிட்டேன். மண் உள்ளே போகாது.

அதிகபட்ச நீளத்தில்கூட 15 செ.மீ. குழாய் உள்ளே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் சிவப்புப் பெயின்ட் பேனாவால் ஒரு வளையம் வரைந்தேன். சிவப்பு வெளியே தெரிந்தால் நிறுத்து. 105 முதல் 125 வரை ஐந்து ஐந்தாக வெள்ளைக் கோடுகள். பூட்டு உரசி உரசி அவை அழிகின்றன. மேலே கண்ணாடி டேப் ஒட்டினால் பூட்டு வழுக்கும், குழாயைக் கீறினால் பலவீனமாகும். ஆகவே அழிந்தால் மறுபடி வரைவது என்று சமாதானமாகிவிட்டேன்.

நுனிப் பகுதிக்கு வருவோம். டங்ஸ்டன் கார்பைடு பொதிந்த பிளாஸ்டிக் முனைகள் தனியாகக் கிடைக்கின்றன. ஆனால் அதன் வாய் 12 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கிறது, என் குழாயோ 14. குழாய்க்குள் ஒரு துண்டை ஒட்டி, வெளியே நீளும் பகுதியில் முனையை ஏற்ற வேண்டும். அலுமினியத் துண்டை முதலிலேயே ஒதுக்கினேன்: கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துவிடும். கண்ணாடி இழைக் கம்பி ஒன்று இருந்தது, 12 மி.மீ. கெட்டிக் கம்பி. ஏழு செ.மீ. வெட்டி ஒட்டினேன். வேலை கச்சிதமாக முடிந்தது.

கோலைத் தூக்கி வீசிப் பார்த்தேன். ஏதோ சரியில்லை. தராசில் இலேசாகத்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் நுனி கனக்கிறது. அந்தக் கம்பி மட்டும் 15 கிராம். அதே நீளத்துக்கு 12 மி.மீ. கார்பன் குழாய் 4 கிராம். 11 கிராம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் கோலைக் கையை அச்சாக வைத்துத்தான் வீசுகிறோம், அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கப்படி கனம் உறைக்கும். கையிலிருந்து 115 செ.மீ. தள்ளி இருக்கும் 11 கிராம், 55 செ.மீ. தள்ளி பூட்டு இருக்கும் இடத்தில் 48 கிராம் கூட்டியதற்குச் சமம். ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு கோலையும் அறுநூறு, எழுநூறு முறை முன்னே வீசுகிறோம். கம்பியை எடுத்துவிட்டுக் கார்பன் குழாயை வைத்தேன். டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, ஈர உப்புத்தாளால் முனை ஏறும் அளவுக்கு லேசாகக் கூம்பாக்கினேன். முனைக்குப் பசை வேண்டாம். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, குழாயில் மாட்டி, ஒரு மரப்பலகையில் ஓங்கி ஊன்றினால் போதும், ஆறியதும் இறுகிக்கொள்ளும். தேய்ந்தபின் மறுபடி கொதிநீரில் காட்டினால் கழன்றுவரும்.

கைப்பிடிக்கு ஈவிஏ ஃபோம். அதன் துளை 15 மி.மீ., குழாய் 16. உள்ளே ஆல்கஹால் விட்டுக் குலுக்கி, குழாயில் ஒரே மூச்சில் இறக்க வேண்டும். முதல் கோலில் பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு நொடி நின்றேன். ஆல்கஹால் ஆவியாகிவிட்டது, ஃபோம் அங்கேயே தவம் இருக்க ஆரம்பித்துவிட்டது. கத்தியால் கிழித்துத்தான் எடுக்க முடிந்தது. இரண்டாவது ஃபோமை நிற்காமல் இறக்கினேன். பிடிக்குக் கீழேயும் ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய ஃபோம் விட்டிருக்கிறேன். சின்ன ஏற்றங்களில் பூட்டைத் திறக்காமல் கையைக் கீழே இறக்கிப் பிடித்தாலே போதும். உண்மையைச் சொன்னால், நீளத்தை மாற்றும் வசதிக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, நாளொன்றுக்கு இரண்டு முறைக்குமேல் நான் பூட்டைத் திறப்பதில்லை.

கைவாருக்காகக் குழாயில் துளை போட மனம் வரவில்லை. தூண்டில் கோலில் வளையத்தை நூல் சுற்றிக் கட்டுவார்களே, அதுபோல வாரின் இரு முனைகளையும் குழாயின் உச்சியில் வைத்து, நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை) தடவி, அதன்மேல் ஃபோம் தொப்பியை ஏற்றினேன்.

ஒரு கோலின் கணக்கு: மேல்குழாய் 41 கிராம், கீழ்க்குழாய் 38, பூட்டு 17, ஃபோம் 20, கைவார் 8, முனை 14, நுனி மண்ணில் புதையாமலிருக்க அதில் மாட்டும் வட்டு 5, உள்துண்டு 4, பசை, டேப், நூல் எல்லாம் சேர்ந்து 3. மொத்தம் 150 கிராம். பழைய கோலோடு ஒப்பிட்டால் 118 கிராம் மிச்சம்.

முதல் நடை 14 கிலோமீட்டர், பாதி நேரம் தூறல். இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டும் 120இல் நின்றன. ஒரு ஓடையைக் கடந்தபின் மட்டும் இடது கோல் ஒரு செ.மீ. இறங்கியது. திறந்து பார்த்தால் பூட்டின் வாயில் நுண்மணல். சட்டை முனையால் துடைத்துப் பூட்டினேன், சரியாகிவிட்டது. நண்பன் இந்தத் தடவை என் நடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கோலை வாங்கி நடந்து பார்த்தவன், நெடுநேரம் திருப்பித் தரவும் இல்லை.

திரும்பிவந்த மறுவாரம் கோல்களை வெயிலில் நின்ற காருக்குள் அரைநாள் விட்டுவிட்டேன். எடுக்கும்போது வலது கோலின் பூட்டு, மேல்குழாயின்மேல் கையாலேயே சுழன்றது. இடது கோலில் அசைவே இல்லை. காரணம் உடனே தெரிந்தது. இடது கோலுக்கு 24 மணி நேரம் காயும் எபாக்ஸி போட்டிருந்தேன். அது தீர்ந்துவிட்டதால், வலது கோலுக்கு அலமாரியில் கிடந்த ஐந்து நிமிட எபாக்ஸியைப் பூசி வேலையை முடித்திருந்தேன். வேகமாகக் காயும் எபாக்ஸி சூட்டில் சீக்கிரம் இளகும். மூடிய காருக்குள் அந்தச் சூடு தாராளமாகக் கிடைத்துவிட்டது. மலையில் இறக்கத்தின் நடுவே நடக்காமல் காருக்குள் நடந்ததே என்று இருந்தது.

இளகியதில் ஒரு வசதி: கழற்றுவது எளிது. பூட்டுப் பகுதியைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு, துணியால் பற்றித் திருகி உருவினேன். இரு பக்கமும் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டி, 220 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டேன். இந்த முறை பிசினையும் கடினமாக்கியையும் கண் மதிப்பில் கலக்காமல் தராசில் நிறுத்துக் கலந்தேன். பூட்டைச் சுழற்றிக்கொண்டே ஏற்றினேன், பசை சுற்றிலும் பரவட்டும் என்று. கீழே வழிந்து கவ்வும் வாய்க்குள் போகாமலிருக்கக் கோலைத் தலைகீழாக, பூட்டு மேலே இருக்கும்படி, சுவர் மூலையில் நிறுத்தியிருக்கிறேன். நாளை மாலைவரை லிவரைத் தொடக் கூடாது. அதன்பிறகு எடைக் கருவி, பலகைத் துண்டு, பென்சில் கோடு, நாற்பது கிலோ.